1200 என்று போட்டிருக்கிறது, 94 தான் வருகிறது

ரவுட்டர் அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிதாக ஓர் எண் இருக்கும். என்300, ஏசி1200, ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000. கடைக்காரர் விலை சொல்வதும் அதை வைத்துத்தான், நாம் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதை வைத்துத்தான். ஏசி1200 ஒன்றை வாங்கி வந்து மாட்டி, போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 எம்பிபிஎஸ்ஸில் முள் நின்றுவிடும். கட்டணம் கட்டுவதோ 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு. நெட் கம்பெனிக்கு போன் போட்டுச் சத்தம் போட்டால், "எங்க பக்கம் 200 சரியாப் போகுது சார்" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

அந்த 1200 எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். இந்த ரவுட்டர்களுக்குள் இரண்டு ரேடியோக்கள் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது 867 எம்பிபிஎஸ். கூட்டினால் 1167. அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டு 1200 என்று அச்சடித்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் போன் இரண்டில் ஏதாவது ஒன்றோடுதான் ஒரு நேரத்தில் பேசும். கூட்டுத்தொகையால் அதற்கு ஒரு பயனும் இல்லை. மிஞ்சுகிற 867-ம் கோப்பு வந்து சேரும் வேகமல்ல. காற்றில் பிட்டுகள் பறக்கும் உச்ச வேகம். வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அனுப்பியது கிடைத்ததா என்று ஒவ்வொரு தடவையும் பதில் வரவேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் ரவுட்டருக்கும் வழிவிட வேண்டும். இதெல்லாம் போக, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து 867-இல் பாதிக்கு மேல் கிடைத்தால் அது நல்ல ரவுட்டர்.

பாதி என்றாலும் 400-க்கு மேல் வரவேண்டுமே, 94 எப்படி என்றால், பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். "10/100 எம்பிபிஎஸ் வேன் போர்ட்" என்று அங்கே இருந்தால் கதை முடிந்தது. தெருவிலிருந்து வரும் நெட் அந்த போர்ட் வழியாகத்தான் ரவுட்டருக்குள் நுழைகிறது. அதன் எல்லை 100. அந்த 100-ம் முழுதாகக் கைக்கு வராது. வயரில் போகும் ஒவ்வொரு 1538 பைட்டிலும் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி என்று கழித்துக்கொண்டு நம் கோப்புக்கு மிஞ்சுவது 1460 பைட்தான். கணக்குப் போட்டால் 94.9 வருகிறது. எத்தனை முறை டெஸ்ட் போட்டாலும் 93, 94, 95 என்றே காட்டினால், வழியில் எங்கோ ஓரிடத்தில் 100 எம்பிபிஎஸ் முட்டுக்கட்டை இருக்கிறது என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

டிபி-லிங்க் கம்பெனியின் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரண்டுமே ஏசி1200 வகை. இரண்டிலும் அதே 300, அதே 867. சி50-இல் இருப்பவை 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகள். சி6-இல் இருப்பவை 1000, அதாவது ஜிகாபிட். ஒரே கம்பெனி, ஒரே எண், சில நூறு ரூபாய் வித்தியாசம். முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு மலிவானதை எடுப்பதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும். 100 எம்பிபிஎஸ் வரைக்கும் பிளான் வைத்திருப்பவருக்கு அது புத்திசாலித்தனமும்கூட. அதற்கு மேலே போனவருக்கு அல்ல.

ஜிகாபிட் ரவுட்டர் வாங்கியும் 94-ஐத் தாண்டாத வீடுகள் உண்டு. அங்கே இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நெட் கம்பெனி வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டி. உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் தரும் மலிவான பெட்டிகள் பலவற்றில் நான்கு லேன் போர்ட் இருந்தாலும் ஒன்று மட்டுமே ஜிகாபிட், மற்ற மூன்றும் 100. பெரும்பாலும் முதலாவது போர்ட்தான் அது. ரவுட்டரிலிருந்து வரும் வயரை 100 போர்ட்டிலிருந்து பிடுங்கி ஜிகாபிட் போர்ட்டில் செருகுவதற்குச் செலவு எதுவும் இல்லை. இன்னொன்று, அந்த வயரே. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கி இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அவசரத்தில் கிரிம்ப் பண்ணுகிறவர்கள், அதாவது நுனியில் கனெக்டர் மாட்டுகிறவர்கள், நான்கு கம்பியை மட்டும் உள்ளே விட்டு, மிச்சத்தை வெட்டிவிடுவதுண்டு. நெட் வரும், லைட் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. கேபிளின் நுனியில் இருக்கும் கனெக்டர் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை நிறம் உள்ளே போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆரஞ்சு, பச்சை மட்டும் இருந்து, நீலமும் பிரவுனும் இல்லையென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் கணிசமானோருக்குப் புது ரவுட்டரே தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தப் பரிந்துரையாகச் சொல்வது ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. வீடியோ காலுக்கு அதைவிடக் குறைவே போதும். 40 எம்பிபிஎஸ் பிளானில் டிவியில் ஒரு 4கே படமும், பக்கத்து அறையில் ஆன்லைன் வகுப்பும், அடுப்படியில் யூடியூப் சமையலும் ஒருசேர ஓடலாம். அப்படியும் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறதென்றால் வேகம் போதாததால் அல்ல. வந்த வேகம் அந்த அறைவரை போய்ச் சேராததால். அது பெரும்பாலும் பெட்டி இருக்கும் இடத்தின் கோளாறு. காசு கொடுத்துத் தீர்க்குமுன் இடத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது.

இடம் என்றதும் அலைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் கெட்டிக்காரன்; ஆனால் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். இந்தியாவில் இதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் அரசு திறந்துவிட்டது. அதில் 13 சேனல்கள் உண்டு என்று எண்ணிக்கையில் தெரிந்தாலும் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கி அடுக்கப்பட்டவை. ஒரு வைஃபைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1, 6, 11 என்று மூன்றே இடம். இருபது வீடுள்ள அடுக்குமாடியில் இருபது ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். போதாக்குறைக்கு புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். பெட்டியில் போட்ட அந்த 300-ம் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்தால்தான் உண்டு. அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தால் ரவுட்டர் 20-க்கு இறங்கிவிட வேண்டும். அப்போது 300 என்பது 144 ஆகிவிடும், அதிலும் பாதிதான் கைக்கு வரும்.

5 கிகாஹெர்ட்ஸ் இதற்கு நேர்மாறு. இடம் தாராளம், வேகம் அதிகம், ஆனால் சுவர் என்றால் சுருண்டுவிடும். இந்தியாவில் 2018 அக்டோபரில்தான் அந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அரசு விதி வகுத்தது. அதனால் இன்றைக்குக் கடையில் 2.4 மட்டும் உள்ள என்300 ரவுட்டரை வாங்குவதற்கு, ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்தான் என்பதைத் தவிர, வேறு காரணமே இல்லை. தனி வீடு, பக்கத்தில் வேறு வைஃபை கிடையாது, 40 எம்பிபிஎஸ் பிளான் என்றால் ஒழிய அதைத் தொடவேண்டாம்.

நம்மூர் வீடு அலைகளுக்கு நட்பானதல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம், மூலைக்கு மூலை தூண். இதெல்லாம் போதாதென்று ஃபைபர் போட வரும் பையன், கேபிள் நுழைகிற ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். அது வீட்டின் ஒரு ஓரமாக இருக்கும். சிக்னலில் பாதி தெருவுக்குப் போகும். அல்லது வயர் தெரியக்கூடாது என்று நாமே அதைப் பரணில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவின் முதுகுப்பக்கம் ஒளித்து வைத்திருப்போம். பீரோ என்பது அலைகளுக்கு ஓர் இரும்புச் சுவர். அதன் கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியும், பின்னால் பூசிய உலோகப் பூச்சினால் அதே வேலையைத்தான் செய்யும். ஃபிரிட்ஜும் அப்படியே.

ஆகவே கனெக்‌ஷன் கொடுக்க வரும் அன்றே, "தம்பி, ஃபைபரை ஹால் நடுச்சுவர் வரைக்கும் இழுத்துக் குடுத்துருங்க" என்று கேட்டுவிட வேண்டும். கிளிப் அடித்து முடித்த பிறகு கேட்டால் நடக்காது. ஃபைபர் கூடுதலாகப் பத்து மீட்டர் போனால் வேகம் குறையாது, செலவும் பெரிதல்ல. ஒன்றே ஒன்று, அதைக் கூர்மையாக மடக்கக்கூடாது. மூலை திரும்பும் இடத்தில் வளைவாகத் திரும்பட்டும். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பெட்டியில் ‘லாஸ்’ என்ற லைட் சிவப்பாக எரிந்தால் அந்த இழையில்தான் எங்கோ கோளாறு. அப்போது எந்த ரவுட்டரை வாங்கி மாட்டினாலும் நெட் வராது.

ஆண்டெனா எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ரவுட்டர் எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதற்குச் சட்ட வரம்பு இருக்கிறது. ஆறு கொம்பு முளைத்திருப்பதால் அந்த வரம்பு கூடிவிடாது. தவிர, இது இருவழிப் பேச்சு. ரவுட்டர் கத்துவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, பேட்டரியில் ஓடும் போன் முனகுவதும் ரவுட்டருக்குக் கேட்கவேண்டும். கொம்பு எப்படி நிற்கிறது என்பது வேண்டுமானால் கொஞ்சம் உதவும். நட்டமாக நிற்கும் ஆண்டெனாவைச் சுற்றி சிக்னல் பரவும் வடிவம் உளுந்து வடைதான். ஓட்டையில் ஆண்டெனா நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தடிமன், நேர் மேலும் நேர் கீழும் ஒன்றுமில்லை. மாடியறைக்குச் சிக்னல் வேண்டுமென்றால் ஒரு கொம்பையாவது படுக்கவைத்துப் பார்க்கலாம். கான்கிரீட் தளத்தைத் துளைத்துப் போவதைவிட மாடிப்படி இருக்கும் திறந்த வெளி வழியாகத்தான் அலை மேலே ஏறும் என்பதால், படிக்கட்டுப் பக்கமாகப் பெட்டியை நகர்த்துவது இன்னும் நல்லது.

சரி, இடத்தை மாற்றியும் பார்த்தாயிற்று, நெட் கம்பெனியின் பெட்டி வெறும் 2.4 மட்டும் கொண்ட பழைய சரக்கு, வாங்கியே தீரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட முடியாது. அது ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலை செய்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது ஒன்று; அதை வீட்டுக்குள் வைஃபையாகப் பங்கிடுவது இன்னொன்று. முதல் வேலையைச் செய்யும் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர். அதன் வரிசை எண் நெட் கம்பெனியின் கருவியில் பதிவாகியிருக்கும். லேண்ட்லைன் போனும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். நாம் வாங்கும் ரவுட்டர் அதற்குப் பின்னால், ஒரு லேன் கேபிளில் தொற்றிக்கொள்ளும். கடைகளில் இன்னும் ‘மோடம் ரவுட்டர்’ என்ற பெயரில் பழைய டெலிபோன் லைனுக்கான ஏடிஎஸ்எல் பெட்டிகள் கிடைக்கின்றன. டெலிபோன் ஜாக் போன்ற சின்னத் துளை இருந்தால் அது ஃபைபருக்கு உதவாது.

தொற்றவைப்பதில் எளிய வழி, புது ரவுட்டரை ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ மோடில் போடுவது. அப்போது போன், லேப்டாப் ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் முகவரி வழங்கும் வேலையைப் பழைய பெட்டி பார்த்துக்கொள்ளும், புதியது வைஃபை மட்டும் தரும். ரவுட்டர் மோடிலேயே விட்டாலும் நெட் வரும்தான்; ஆனால் ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு ரவுட்டர் நின்று, ஒவ்வொன்றும் தனித்தனியே முகவரியை மாற்றி எழுதும். பிரின்டர் ஒன்றிலும் லேப்டாப் மற்றொன்றிலும் சேர்ந்துகொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் தவிக்கும். முழு அதிகாரத்தையும் புது ரவுட்டரிடம் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆபரேட்டரிடம், "அண்ணே, ஓஎன்டியை பிரிட்ஜ்ல போட்டுக் குடுங்க" என்று கேட்கவேண்டும். அப்போது ஓஎன்டி ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு நெட்டை அப்படியே கடத்தும். கூடவே யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (கம்பெனியின் வலையில் நம் இணைப்பைப் பிரித்துக் காட்டும் எண்) மூன்றையும் வாங்கி ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர் ஆபரேட்டர் என்றால் பெரும்பாலும் தருவார். பெரிய கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவையில் இந்த வார்த்தை புரிந்த ஆளைப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆக்ஸஸ் பாயின்ட்டே போதும் என்று விட்டுவிடலாம்.

இப்போது எந்தத் தலைமுறை வாங்குவது என்ற கேள்வி. 2018 அக்டோபரில் வைஃபை அலையன்ஸ் அமைப்பு, வாயில் நுழையாத பெயர்களுக்கு எண் கொடுத்தது: 2009-இல் வந்த 802.11என் வைஃபை 4 ஆனது, 802.11ஏசி வைஃபை 5 ஆனது, அடுத்து வந்த 802.11ஏஎக்ஸ் வைஃபை 6. இதில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. வைஃபை 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமான தரம். ஏசி1200 ரவுட்டரின் 2.4 பக்கம் இருப்பது 2009-ஆம் ஆண்டுத் தொழில்நுட்பமேதான். வைஃபை 6 வந்துதான் 2.4-ஐயும் மேம்படுத்தியது. ஆனால் அதிலும் கண்ணி வைத்திருக்கிறார்கள். ஏஎக்ஸ்1500 என்றால் 1201-உம் 300-உம் சேர்ந்தது. அந்த 300 மறுபடியும் அதே பழைய என். இரண்டு பக்கமும் வைஃபை 6 வேண்டுமானால் ஏஎக்ஸ்1800 வகையைப் பார்க்கவேண்டும், அதில் 574 வருகிறது. வீட்டின் கடைசி அறைக்கு 5 எட்டாமல் 2.4-ஐ நம்பியிருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். மற்றவருக்கு ஏஎக்ஸ்1500 தாராளம். சாதாரணமாக போன்கள் இரண்டு ஆண்டெனா, 80 மெகாஹெர்ட்ஸ் என்ற அளவில்தான் பேசுகின்றன. அவற்றின் உச்சமும் அதே 1201தான். ஏஎக்ஸ்3000-இன் 2402-ஐத் தொட 160 மெகாஹெர்ட்ஸ் பேசும் சாதனம் வேண்டும்.

வைஃபை 7-க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெரிய பலம் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இருக்கிறது. இந்தியாவில் அந்தப் பட்டையின் கீழ்ப்பகுதியை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வெளியாயின. பட்ஜெட் பார்த்து வாங்குபவர் இந்தப் பக்கம் திரும்ப வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

நம்பகத்தன்மை என்று பேச ஆரம்பித்தால் நம்மூரில் அது முதலில் கரண்ட் சம்பந்தப்பட்டது. ரவுட்டர் அடிக்கடி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது என்றால் பல கேஸில் காரணம் அடாப்டர். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வறண்டுவிடும். 12 வோல்ட் இருக்கும், ஆனால் பாரம் ஏறும்போது சரியும். சும்மா இருக்கையில் ஒழுங்காக ஓடி, நாலு பேர் படம் பார்க்கும்போது மட்டும் படுத்துக்கொள்ளும் ரவுட்டரைத் தூக்கிப் போடுமுன், அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். வோல்ட் மாறக்கூடாது, ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, பின்னின் துருவமும் ஒன்றாக இருக்கவேண்டும். ரவுட்டரை செட்டாப் பாக்ஸ் மேல் அடுக்கிவைத்துத் துணி போட்டு மூடுவது அதன் ஆயுளைக் குறைக்க நல்ல வழி.

கரண்ட் போனால் நெட் போவதும் தவிர்க்கக்கூடியதே. ஃபைபர் இணைப்பில் தெருமுனையில் இருக்கும் ஸ்பிலிட்டருக்கு மின்சாரமே வேண்டாம், அது வெறும் கண்ணாடி. கம்பெனியின் நிலையத்தில் கரண்ட் இருந்து, உங்கள் வீட்டில் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் இருந்தால், நடுவில் ஊரே இருட்டாக இருந்தாலும் நெட் ஓடும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஆம்பியர் கணக்குப் பார்த்து வாங்கவேண்டும். ரவுட்டருக்கு மட்டும் போட்டுவிட்டு ஓஎன்டியை மறந்தால் வைஃபை இருக்கும், நெட் இருக்காது.

இடி மின்னல் வேறு கதை. ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஆனால் சில ஊர்களில் கேபிள்காரர்கள் போஸ்ட் கம்பம் வரைக்கும் ஃபைபர் கொண்டுவந்து, அங்கே ஒரு ஸ்விட்ச் வைத்து, அதிலிருந்து வீடுகளுக்குச் செம்பு லேன் கேபிள் இழுத்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் எங்கோ விழும் மின்னலின் அதிர்ச்சி அந்தச் செம்பு வழியாக வந்து, ரவுட்டரின் வேன் போர்ட்டை மட்டும் சுட்டுவிட்டுப் போகும். வைஃபை வரும், லைட் எரியும், வேன் லைட் மட்டும் செத்திருக்கும். இப்படிப்பட்ட இணைப்பு உள்ளவர்கள் ரவுட்டருக்கு அதிகம் செலவழிப்பதைவிட, உள்ளே வரைக்கும் ஃபைபர் தரும் ஆபரேட்டருக்கு மாறுவதே லாபம். வாங்கும் ரவுட்டருக்கு 3 வருட வாரண்டி இருக்கிறதா, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் நூறு ரூபாய் பேரம் பேசிக் குறைத்துவிட்டு பில் இல்லாமல் வாங்கி வருவதால் அந்த வாரண்டி போய்விடும்.

நம்பகத்தன்மையின் இன்னொரு பக்கத்தை யாரும் கடையில் கேட்பதில்லை: இந்த மாடலுக்கு எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள்? ரவுட்டர் ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், கம்பெனி அதை அடைக்கவேண்டும். 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அந்த அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயரை நெட் முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற அமெரிக்கக் கம்பெனியைத் தாக்கியது. ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. 2018 மே மாதத்தில் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு தீம்பொருள் 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளுக்குள் இருப்பது தெரிந்து, எல்லாரும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று எஃப்பிஐயே கேட்டுக்கொண்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக்கூடாது, எவ்வளவு காலம் அப்டேட் தருவோம் என்பதை அறிவிக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கேயும் விற்கும் கம்பெனியாக இருந்தால் அந்தத் தேதியை அவர்களுடைய பிரிட்டிஷ் தளத்தில் நாமும் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கும்போது பெட்டியின் அடியில் உள்ள வெர்ஷன் எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஒரே மாடல் பெயரில் வி2, வி3, வி4 என்று உள்ளே வேறு வேறு சிப்போடு விற்பார்கள். ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த எண்தான் எல்லாம். கம்பெனி கைவிட்ட பிறகும் பல ரவுட்டர்களை அது வாழவைக்கிறது.

மாட்டிய அன்றே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் சேர வழிசெய்யும் டபிள்யுபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க டபிள்யுபிஎஸ் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. வைஃபை பூட்டில் புதிய வகையான டபிள்யுபிஏ3 இருந்தால் நல்லது. ஆனால் வைஃபை பல்பு, பிளக் மாதிரியானவை 2.4-உம் பழைய வகையான டபிள்யுபிஏ2-உம் மட்டுமே பேசும் ஜாதி. இரண்டையும் ஏற்கும் கலப்பு மோடில் வைக்கவேண்டும்.

வேகம் நன்றாகக் காட்டியும் வீடியோ கால் மட்டும் திக்குகிறது என்றால் அது இன்னொரு நோய். போன் போட்டோக்களை கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பொட்டலங்கள் வரிசையில் நிறைந்து, நம் குரல் கடைசியில் நிற்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ், அதாவது எதற்கு முன்னுரிமை என்று வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி, இருந்தால் அதில் மொத்த வேகத்தை, டெஸ்டில் வந்ததில் 90 சதவீதம் என்று எழுதிப் பாருங்கள். பத்து சதவீதத்தை இழந்தாலும் பேச்சு தெளிவாகிவிடும்.

மாடிக்கு என்ன செய்வது? ரிப்பீட்டர் வாங்காதீர்கள். ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும்; பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் செட் அதைவிட நாகரிகமானது, விலையும் நாகரிகமாக இருக்கும். என் கணக்கில், ரவுட்டருக்கு 2,500-லிருந்து 4,000 ரூபாய்க்கு மேல் போகாமல், ஜிகாபிட் போர்ட் உள்ள ஏசி1200 அல்லது ஏஎக்ஸ்1500 வாங்கி, மிஞ்சும் காசில் ஒரு கேட்6 வகை லேன் கேபிளை மாடிக்கு இழுத்துவிடுவதுதான் சரி. அலுமினியத்தில் செம்பு பூசிய சிசிஏ கேபிள் பாதி விலைக்கு வரும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கரண்ட் பைப்போடு ஒட்டாமல் தனியாக ஒரு காலிப் பைப்பை ஹாலிலிருந்து மாடியறைக்குப் பதித்துவிட்டால் போதும், கேபிளை எப்போது வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கேபிளின் மறுமுனையில் மாட்ட, ஒதுக்கிப் போட்ட பழைய ரவுட்டரே போதும். அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் முதல் பெட்டியோடு மோதாததாக மாற்றி, முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வேன் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகி, கீழ்வீட்டு வைஃபையின் அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் மாடி முடிந்தது. அதையும் வேண்டாம் என்று எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால், பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தி ரீசெட் பண்ணிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் வைஃபை பாஸ்வேர்டும் உங்கள் நெட் கணக்கின் யூசர்நேமும் அதற்குள் அப்படியே இருக்கும்.